கால் எடுத்தது காருக்குத் தெரியுமா?

ஓடும் காரில் ஓட்டுநர் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கிறார். வண்டி தன் வேகத்திலேயே உருளும்போது எஞ்சினுக்குப் பெட்ரோல் தேவையில்லை. தெளிப்பை அப்போதே நிறுத்திவிடலாம். ஆனால் இன்ஜெக்டர்களை இயக்கும் ஈசிஎம் என்கிற கணினிக்கு ஓட்டுநரின் கால் தெரியாது. மிதியிலிருந்து போகும் கேபிள், எஞ்சினுக்குக் காற்று போகும் வழியில் உள்ள த்ராட்டில் தகட்டைத் திருப்புகிறது. அந்தத் தகட்டின் அச்சு முனையில் தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி இருக்கிறது. பழைய வால்வோ 240, 1980களின் பி.எம்.டபிள்யூ போன்ற கார்களில் அந்தப் பெட்டிக்குள் இருப்பது இரண்டே இரண்டு கான்டாக்ட். ஒன்று, தகடு முழுக்க மூடியிருக்கும்போது மட்டும் சேரும். இன்னொன்று, தகடு ஏறக்குறைய முழுக்கத் திறந்தபின் சேரும். நடுவில் உள்ள அத்தனை நிலைகளிலும் இரண்டுமே பிரிந்திருக்கும். ஓட்டுநரின் காலைப் பற்றிக் கணினிக்குக் கிடைக்கும் செய்தி இவ்வளவுதான்.

கார்புரேட்டர் காலத்தில் இந்தச் செய்தி தேவைப்படவில்லை. மிதியை அழுத்தினால் ஒரு சின்ன பம்ப்பே கூடுதல் பெட்ரோலைத் தள்ளிவிடும். கலிபோர்னியாவின் புகை விதிகள் இறுகிய நேரத்தில், 1967இல், பாஷ் நிறுவனத்தின் டி-ஜெட்ரானிக் மின்னணு எரிபொருள் தெளிப்பு ஃபோக்ஸ்வாகன் 1600 காரில் வந்தது. கால் என்ன செய்கிறது என்பதைக் கணினிக்கு மின்சாரத்தால் சொல்ல வேண்டிய நிலை அப்போது வந்தது. அதன் த்ராட்டில் ஸ்விட்ச் உண்மையிலேயே அழகான வேலைப்பாடு. உள்ளே ஒரு சர்க்யூட் பலகையில் சீப்புப் பற்கள் மாதிரி செம்புக் கோடுகள் இருக்கும். மிதியை அழுத்தும்போது ஒரு தொடுகம்பி அந்தப் பற்களின் மேல் ஓடும். ஒவ்வொரு பல்லைத் தாண்டும்போதும் ஒரு துடிப்பு, ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு கூடுதல் தெளிப்பு. காலை எடுக்கும்போது துடிப்பு போகக் கூடாது என்பதற்காக, திரும்பும் திசையில் மட்டும் பிரிந்துகொள்ளும் இன்னொரு கான்டாக்டும் உண்டு. 1973இல் வந்த எல்-ஜெட்ரானிக்கில் உள்ளே போகும் காற்றையே ஒரு மடல் நேரடியாக அளந்தது. மிதியைச் சட்டென்று அழுத்தினால் அந்த மடலே சற்று மிகையாக வீசித் திறந்து கூடுதல் பெட்ரோலைக் கேட்டுவிடும். சீப்புக்கு வேலை போயிற்று. எஞ்சியவை இந்த இரண்டு கான்டாக்ட்.

இரண்டில் முழுத்திறப்பு கான்டாக்ட்டின் வேலை எளிது. அது சேர்ந்ததும் ஈசிஎம் கலவையைக் கெட்டியாக்கும். 1 கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று என்ற வழக்கமான விகிதத்தை விட்டுவிட்டு 13க்கு 1 என்ற பக்கமாக இறங்கும். முழு இழுவிசை கிடைக்கும். தகடு மூடியிருக்கும்போது சேரும் ஐடில் கான்டாக்டுக்குத்தான் பொறுப்பு அதிகம். அது சேர்ந்திருந்து எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் ‘வண்டி நிற்கிறது, ஐடிலிங்கை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று ஈசிஎம் பொறுப்பேற்கும். சேர்ந்திருந்தும் எஞ்சின் வேகமாகச் சுற்றினால் ‘கால் எடுத்தாயிற்று, வண்டி உருள்கிறது’ என்று புரிந்துகொண்டு பெட்ரோலை வெட்டும்.

இந்தத் தர்க்கத்தைப் பிடித்துக்கொண்டால் கோளாறின் அடையாளமும் பிடிபட்டுவிடும். ஐடில் கான்டாக்ட் சேரவே இல்லை என்றால் ஐடிலிங் நிலைகொள்ளாது, அல்லது ஏறிய இடத்திலேயே நிற்கும். சரிவில் இறங்கும்போது பெட்ரோல் வெட்டு நடக்காது. வண்டி வீணாகக் குடிக்கும். பிரியாமலே ஒட்டிக்கொண்டிருந்தால் விளைவு விசித்திரமானது. நின்ற வண்டியில் மெல்ல ரேஸ் பண்ணிப் பாருங்கள். எஞ்சின் ஓர் அளவுக்கு ஏறும், கால் எடுத்துவிட்டதாக நம்பி ஈசிஎம் பெட்ரோலை வெட்டும், எஞ்சின் இறங்கும், இறங்கியதும் பெட்ரோல் திரும்ப வரும், மறுபடி ஏறும். மிதி அசையாமல் இருக்க, எஞ்சின் மட்டும் ஊஞ்சலாடும். இந்த ஆட்டத்தைப் பார்த்துப் பெட்ரோல் பம்ப்பையும் ஃபில்டரையும் மாற்றியவர்கள் உண்டு. ஏறும் எல்லையும் இறங்கும் எல்லையும் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் இருக்கின்றனவா என்று கவனித்தாலே போதும். குறையும் எரிபொருள் அழுத்தம் இவ்வளவு ஒழுங்காக ஆடாது.

இப்போது சோதனைக்கு வருவோம். பலரும் செய்வது இது: ஒயரை இணைக்கும் கப்ளரைக் கழற்றி, மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் வைத்து, ஸ்விட்ச்சின் பின்களில் பிடிப்பார்கள். பீப் கேட்டால் ஸ்விட்ச் நல்லது, கேட்காவிட்டால் புதிது வாங்கு. இதில் தவறான அளவீடு எதுவும் இல்லை. ஆனால் கேள்விதான் பாதி. ஸ்விட்ச் என்ன சொல்கிறது என்பது ஒன்று, ஈசிஎம்முக்கு என்ன கேட்கிறது என்பது வேறொன்று. இரண்டுக்கும் நடுவில் ஒன்றிரண்டு மீட்டர் ஒயர், இரண்டு கப்ளர், எஞ்சின் சூடு, இருபது முப்பது வருட அதிர்வு எல்லாம் இருக்கின்றன. ஆகவே அளக்க வேண்டிய முதல் இடம் ஈசிஎம்மின் கப்ளர். இங்கே சரியாக வந்தால் ஸ்விட்ச், ஒயர், கப்ளர் மூன்றும் ஒரே சோதனையில் தேறிவிடும். வராவிட்டால் மட்டும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால் போதும்.

பேட்டரியின் எர்த்தைக் கழற்றிவிட்டு ஈசிஎம் கப்ளரை எடுங்கள். சர்க்யூட் படம் கையில் இருக்க வேண்டும். படம் இல்லாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது. பாஷ் ஸ்விட்ச்சில் மூன்று பின்கள், பலவற்றில் 2, 18, 3 என்று எண்ணே பொறித்திருக்கும். 18 பொது, 2 ஐடில், 3 முழுத்திறப்பு. பொதுப் பின்னில் சில அமைப்புகளில் எர்த் இருக்கும், சிலவற்றில் 12 வோல்ட் இருக்கும். படம் பார்த்த பிறகே கை வைக்கச் சொல்வது இதனால்தான். ஐடில் வழியில் ஓம் அளவை வைத்துக்கொண்டு த்ராட்டிலை மெதுவாகத் திறக்கும்போது, மூடிய நிலையில் ஏறக்குறைய 0 ஓம் காட்ட வேண்டும். தகடு அசையத் தொடங்கிய உடனே ‘டிக்’ என்று மெல்லிய சத்தத்துடன் மீட்டர் எல்லையற்ற அளவுக்குத் தாவ வேண்டும். காதும் மீட்டரும் ஒன்றையே சொல்ல வேண்டும். சத்தம் கேட்டும் மீட்டர் 0விலேயே நின்றால் பெரும்பாலும் ஸ்விட்ச் வேலை செய்கிறது, ஒயர்தான் எங்கோ எர்த்தையோ பக்கத்து ஒயரையோ தொடுகிறது.

முழுத்திறப்பு கான்டாக்டைச் சோதிக்கும்போது த்ராட்டிலைக் கையால் திருப்பாதீர்கள். ஒருவரை உள்ளே உட்காரவைத்து மிதியைத் தரைவரை அழுத்தச் சொல்லுங்கள். கேபிள் நீண்டுபோயிருந்தாலோ மிதிக்கு அடியில் தடித்த மேட் கிடந்தாலோ தகடு முழுக்கத் திறப்பதே இல்லை. கையால் திருப்பினால் கான்டாக்ட் அருமையாகச் சேரும். ஓட்டும்போது ஒருநாளும் சேர்ந்திருக்காது.

ஸ்விட்ச்சே பழுது என்று தேறினால், அது ஏன் பழுதாகிறது என்பதும் தெரிந்துகொள்ளத் தக்கது. ஹாரன் ஸ்விட்ச் மாதிரி பெரிய மின்னோட்டம் போகும் கான்டாக்டுகள் சேரும்போதும் பிரியும்போதும் சின்னதாகப் பொறி பறக்கும். அந்தப் பொறியே மேலே படியும் ஆக்சைடு படலத்தை எரித்துச் சுத்தம் செய்துவிடும். த்ராட்டில் ஸ்விட்ச்சில் போவதோ சில மில்லிஆம்பியர். அந்த அளவுக்குப் படலத்தை உடைக்கத் தெம்பு கிடையாது. எஞ்சினின் வயிற்றிலிருந்து வரும் எண்ணெய் ஆவியும் த்ராட்டிலைச் சுற்றித்தான் உலவுகிறது; அச்சு வழியே கசிந்து பெட்டிக்குள் படிகிறது. கான்டாக்ட் தேய்வதைவிட அழுக்கேறிக் கெடுவதே அதிகம். ஓம் மீட்டர் அனுப்பும் மின்னோட்டமும் மிகச் சிறியது என்பதால் இங்கே அதன் சொல்லை நம்பலாம். ஸ்டார்ட்டர் ஒயரில் 0 ஓம் காட்டி ஏமாற்றும் அதே மீட்டர், இந்த மெல்லிய சர்க்யூட்டில் ஈசிஎம் காண்பதையே காட்டுகிறது.

ஒயரின் கதை வேறு. ஒயரில் ஒரே ஓர் இழை மிஞ்சியிருந்தாலும் இந்தச் சிறு மின்னோட்டம் தாராளமாகப் போய்விடும், மீட்டரும் நல்லது என்றே சொல்லும். எஞ்சின் குலுங்கும்போது அந்த இழையும் விட்டு விட்டுத் தொடும். ஆகவே நின்ற வண்டியில் ஒரு தடவை அளந்து முடித்துக்கொள்வது போதாது. மீட்டரை மாட்டியபடியே ஒயர்க் கட்டை ஒரு சாண் ஒரு சாணாக வளைத்தும் ஆட்டியும் பார்த்துக்கொண்டே போக வேண்டும். எஞ்சினிலிருந்து பாடிக்குத் தாவும் இடம்தான் முதல் சந்தேகத்துக்குரியது. ஒவ்வொரு முறை கியர் மாற்றும்போதும் எஞ்சின் தன் ரப்பர் தாங்கிகளின் மேல் சாய்ந்து நிமிர்கிறது. ஒயர் அங்கே மடங்கி மடங்கிச் செம்பு இறுகி, வெளியுறை முழுசாக இருக்க உள்ளே மட்டும் ஒடியும். சந்தேகமான இடத்தை இரு விரலால் பிடித்து மெல்ல இழுத்தால் உள்ளே ஒடிந்த பகுதி மற்ற இடத்தைவிடச் சற்று நீளும். விரலுக்கே அது தெரியும்.

அடுத்து, ஒவ்வொரு ஒயரையும் எர்த்துடனும் பக்கத்து ஒயருடனும் அளக்க வேண்டும். எங்கும் தொடர்பு இருக்கக் கூடாது. 1980களில், 1987 வரை வந்த வால்வோ 240 கார்களின் எஞ்சின் ஒயரிங் இதற்குப் பேர்போனது. சூட்டில் காப்புறை மொறுமொறுவென்று காய்ந்து, தொட்டாலே உதிரும்; செம்பு அம்மணமாக நிற்கும். அங்கே ஐடில் ஒயர் எர்த்தைத் தொட்டால் நாம் முன்னே பார்த்த ஊஞ்சலாட்டம்தான்.

கப்ளரில் மீட்டர் முனையை நுழைக்கும் விதமும் முக்கியம். தடித்த முனையைப் பின்னின் வாய்க்குள் முன்பக்கமாகத் திணித்தால் அந்த மெல்லிய தகடு விரிந்துவிடும். சோதிக்கப் போனவரே புது லூஸ் கான்டாக்டை உண்டாக்கிவிட்டுப் போவார். கப்ளரின் பின்பக்கம், ஒயர் நுழையும் இடத்தில் மெல்லிய ஊசிமுனையை ஒட்டிச் செருகுவதே நல்லது. ஒயரின் உறையைக் குத்தி அளப்பதையும் விட்டுவிட வேண்டும். அந்தத் துளையில் ஈரம் புகுந்தால் செம்பு பச்சை பூத்து, உறைக்குள்ளேயே வெகுதூரம் அரித்துக்கொண்டு போகும்.

ஸ்விட்ச்சைச் சந்தேகிக்கிறீர்கள், கையில் மாற்று இல்லை. ஒயரிங் பக்கத்துக் கப்ளரில் பொதுப் பின்னையும் ஐடில் பின்னையும் ஒரு துண்டு ஒயரால் சேருங்கள். ஸ்விட்ச் செய்ய வேண்டியதைத்தான் அந்தத் துண்டு ஒயர் செய்கிறது. ஐடிலிங் சீரானால் ஒயரும் ஈசிஎம்மும் நல்லவை, குற்றவாளி ஸ்விட்ச். பைசா செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் உதிரிபாகம் வாங்கக் கிளம்புவது நியாயமில்லை.

இந்த ஸ்விட்ச்சுக்கு ஒரு பிறவிக் குறை உண்டு. வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும்போது வந்திருக்கும் மாணவன் ‘உள்ளேன் ஐயா’ என்பான், வராதவன் மௌனம். வந்திருந்தும் குரல் எழும்பாதவனும் மௌனம்தான். ஐடில் கான்டாக்ட் பிரிந்திருந்தால் ஈசிஎம்முக்கு எதுவும் கேட்காது. ஒயர் அறுந்தாலும் எதுவும் கேட்காது. ‘கால் மிதியில் இருக்கிறது’ என்பதும் ‘கம்பி அறுந்துவிட்டது’ என்பதும் அதற்கு ஒன்றே. எவ்வளவு திறமையான கணினியை மாட்டினாலும் இந்த ஸ்விட்ச்சிடமிருந்து இதைப் பிரித்தறிய நேரடி வழி கிடையாது.

அடுத்த தலைமுறை இதைத் தீர்த்தது. நம் ஊர் மெக்கானிக்குகள் டிபிஎஸ் என்று சொல்லும் த்ராட்டில் பொசிஷன் சென்சார் அது. 1998இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் தயாராகத் தொடங்கிய ஹூண்டாய் சான்ட்ரோவில் இருந்தது இந்த வகைதான். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை விதி வந்தபின் பெரும்பாலான இருசக்கர வண்டிகளுக்கும் பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டதால், இன்று த்ராட்டில் சென்சார் பைக் பட்டறைகளிலும் அன்றாடப் பொருள். உள்ளே ஒரு கார்பன் பாதை. அதன் ஒரு முனையில் 5 வோல்ட், மறுமுனையில் எர்த். நடுவில் நகரும் தொடுகம்பி தான் நிற்கும் இடத்து வோல்ட்டேஜை ஈசிஎம்முக்குச் சொல்லும். பழைய ரேடியோவின் ஒலித் திருகும் இதே சாதனம்தான்.

இதில் கவனிக்க வேண்டியது, மூடிய நிலையில் சிக்னல் 0 வோல்ட் இல்லை, சுமார் 0.5. முழுக்கத் திறந்தாலும் 5 இல்லை, சுமார் 4.5. கீழும் மேலும் விட்ட அந்த அரை வோல்ட் இடம் வேண்டுமென்றே விட்டது. நல்ல சென்சார் ஒருபோதும் அங்கே போகாது. போனால், அது காலின் செய்தி இல்லை, கம்பியின் செய்தி. 5 வோல்ட் ஒயர் அறுந்தால் சிக்னல் 0க்கு விழும். எர்த் ஒயர் அறுந்தால் பாதையில் மின்னோட்டமே ஓடாது. தொடுகம்பி எங்கே நின்றாலும் 5 வோல்ட்டையே காட்டும். ஸ்கேனரில் பி0122 என்று வந்தால் சிக்னல் தாழ்ந்தது, பி0123 என்று வந்தால் உயர்ந்தது. எந்த ஒயரில் தொடங்குவது என்று அந்த எண்ணே பாதி சொல்லிவிடும்.

முழுக்க அறுந்த ஒயரைவிடப் பாதி கெட்ட ஒயர்தான் ஆளை அலைக்கழிக்கும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பாதையின் மொத்தத் தடை 5,000 ஓம் என்று வைத்துக்கொள்வோம். எர்த் கப்ளரில் பச்சை பூத்து 500 ஓம் கூடுதலாகச் சேர்ந்துவிட்டது. மூடிய நிலையில் 0.5 இருக்க வேண்டிய சிக்னல் 0.91 வோல்ட்டுக்கு ஏறிவிடும், முழுத்திறப்பிலோ 4.5 வெறும் 4.55 ஆகும். அதே 500 ஓம் எர்த்தில் இல்லாமல் 5 வோல்ட் ஒயரில் சேர்ந்தால் எதிர்மாறாக நடக்கும்: மூடிய நிலையில் 0.45, முழுத்திறப்பில் 4.09. ஆக, கீழ்முனை கெட்டு மேல்முனை நன்றாக இருந்தால் எர்த்தைப் பாருங்கள்; மேல்முனை சரிந்து கீழ்முனை நன்றாக இருந்தால் 5 வோல்ட் ஒயரைப் பாருங்கள். இரண்டு வோல்ட்டேஜை மட்டும் அளந்து, எதையும் கழற்றாமல், எந்த ஒயரில் நோய் என்று சொல்லிவிடலாம். இந்த நான்கு அளவுமே 0.3க்கும் 4.7க்கும் நடுவில்தான் இருக்கின்றன. எல்லைக்குள் இருப்பதால் பல கார்களில் எச்சரிக்கை விளக்கு எரியாது, ஸ்கேனரிலும் கோட் வராது. ‘ஐடிலிங் ஏறி நிற்குது, ஆனா கோட் எதுவும் இல்ல’ என்று வரும் வண்டிகளில் சிலவற்றின் ரகசியம் இதுவாக இருக்கலாம். மூடிய நிலையின் வோல்ட்டேஜைத் தானே கற்றுக்கொண்டு பூஜ்யமாக வைத்துக்கொள்ளும் ஈசிஎம்கள் இந்த நோயைக் கொஞ்ச காலம் மறைத்தும் வைக்கும். எர்த் ஒயரை உறுதிசெய்ய, கப்ளரை மாட்டியபடி சாவியைப் போட்டு, சென்சாரின் எர்த் பின்னுக்கும் பேட்டரியின் மைனஸ் முனைக்கும் நடுவே வோல்ட்டேஜை அளந்து பாருங்கள். 0.05க்குள் இருந்தால் நலம்.

சென்சாருக்குள் தேய்வதும் உண்டு. தொடுகம்பி ஐடிலுக்குச் சற்று மேலே, நகர ஓட்டத்தில் கால் நிலைகொள்ளும் இடத்தில்தான் அதிகம் உரசுகிறது. அங்கே கார்பன் தேய்ந்து பள்ளமானால், கால் அந்த இடத்தைத் தாண்டும்போது சிக்னல் ஒரு கண நேரம் அறுந்து சேரும்; வண்டி ஒரு ஜெர்க் அடிக்கும். சாதாரண டிஜிட்டல் மீட்டர் விநாடிக்கு இரண்டு மூன்று தடவைதான் எண்ணைப் புதுப்பிக்கிறது. இந்த வெட்டு அதன் கண்ணில் படாமலே போய்விடும். பழைய முள் மீட்டர் இங்கே பெரிய உதவி. த்ராட்டிலை மெதுவாகத் திறந்துகொண்டே போனால் முள் வழுக்கியபடி ஏறும். தேய்ந்த இடத்தில் வெடுக்கென்று கீழே துள்ளி மீளும். ஆசிலோஸ்கோப் இருந்தால் இன்னும் தெளிவு, ஆனால் அது எல்லாப் பட்டறையிலும் இருக்காது. முள் மீட்டரைப் பழசு என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள் என்பது என் வேண்டுகோள்.

கேபிளே இல்லாத இன்றைய கார்களில் மிதியில் இரண்டு சென்சார், த்ராட்டிலில் இரண்டு சென்சார். ஒரே நிலையை இரண்டும் வெவ்வேறு வோல்ட்டேஜில் சொல்லும். கணக்கு ஒத்துவராவிட்டால் ஈசிஎம் எச்சரிக்கையாகி வேகத்தைக் கட்டுப்படுத்தும். வோல்ட்டேஜை வேறாக வைத்திருப்பது, இரண்டு சிக்னல் ஒயரும் ஒன்றோடொன்று உரசிவிட்டால் உடனே காட்டிக்கொடுக்கும் என்பதற்காக. டொயோட்டா கார்கள் தாமாக வேகமெடுக்கின்றன என்ற புகார்களை அமெரிக்க அரசுக்காக ஆராய்ந்த நாசா பொறியாளர்களின் அறிக்கை 2011 பிப்ரவரியில் வெளியானது. புகார்களில் சொன்ன பெரிய வேகமெடுப்புக்கு மின்னணுக் கோளாறு காரணம் என்று அவர்களுக்குச் சான்று கிடைக்கவில்லை. ஆனால் பழுதான ஒரு மிதி சென்சாருக்குள் வெள்ளீயத்திலிருந்து தானாக முளைத்த மயிரிழை போன்ற படிகம் இரண்டு சிக்னல்களையும் இணைத்திருந்ததை அவர்கள் கண்டார்கள். அதை அந்தச் சின்னப் பலகையில் தேடிப் பிடித்த பொறுமைக்காகவே அந்த அறிக்கையை மெக்கானிக் படிக்கும் மாணவர்களுக்குப் பாடமாக வைக்கலாம்.

கெட்ட ஒயர் கிடைத்தபின் இரண்டு முனையையும் முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிவிடுவது சரிப்படாது. எஞ்சின் சூட்டில் பசை இளகும், முறுக்கு தளரும், ஆறு மாதத்தில் அதே நோய் திரும்பும். பச்சை பூத்த பகுதியைப் பளிச்சென்ற செம்பு தெரியும்வரை வெட்டி எறியுங்கள். அதே தடிமனில் சூடு தாங்கும் ஒயரைக் கிரிம்ப் செய்து இணையுங்கள். உள்ளே பசை உள்ள சூட்டுச்சுருக்கக் குழாயால் மூடுங்கள். இணைப்பு எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவே மடங்கும் இடத்தில் விழாதபடி கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும். பிறகு ஈசிஎம் கப்ளரில் முதலில் எடுத்த அதே அளவுகளை மறுபடி எடுங்கள், இந்த முறை எஞ்சின் நன்றாகச் சூடேறியபின் ஒருமுறை, ஆறியபின் ஒருமுறை. சென்சாரையோ த்ராட்டில் பாடியையோ மாற்றியிருந்தால் அந்தக் காருக்குச் சொல்லப்பட்ட முறைப்படி ஐடிலிங்கை ஈசிஎம்முக்குப் புதிதாகக் கற்றுக்கொடுத்த பின்பே வண்டியை உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும்.